மூன்று அடி தள்ளி நட்ட மூலைச் செடி

கிஷிமுனி,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

அன்பு மகள் ஐக்காண்டேவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் கறவை மாடும் இரண்டு ஆடுகளும் சுகம், நீயும் அந்தப் பனி ஊரில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் மலையைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன். உனக்குப் பனி காலடியில் கிடக்கிறது, எங்களுக்குத் தலைக்கு மேலே மலை உச்சியில் கிடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். உன் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். காலை எட்டு மணிக்கு அருவிக்குப் போனவர் மணி பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை, அதனால் அவரை மட்டும் அந்த வரிசையில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன், வந்ததும் சேர்த்துக்கொள்கிறேன்.

தார் எஸ் சலாமிலிருந்து மூன்று பெண்கள் வந்திருக்கிறார்கள், ஒரே வங்கியில் வேலையாம், அவர்களைத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சௌதா என்று ஒருத்தி, பளிச்சென்று வெள்ளைக் காலணி போட்டு வந்தாள், சேறாகிவிடும் அம்மா என்று சொன்னேன், "ஈஸியான நடைன்னுதானே சொன்னாங்க" என்று சிரித்தாள். ஈஸிதான், உனக்குத் தெரியாத பாதையா. தேவாலயத்தைத் தாண்டி, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஏறி, பலகைப் பாலத்தைக் கடந்து, நம் மேல் தோட்டத்து மூலையில் இடது பக்கம் திரும்பினால் கால் மணி நேரத்தில் அருவி. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், அங்கே வாய் பிளந்து நிற்க அரை மணி நேரம். ஐந்து வயதில் நீ பொம்மையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்த பாதை, போன வருடம் ஒரு போதகரின் தாயார் வீட்டுச் செருப்போடு போய்விட்டு வந்தார். பத்தரைக்குத் திரும்பி, பதினோரு மணிக்கு நம் முற்றத்தில் காப்பி இடித்துக் குடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியவர்கள். காப்பிக் கொட்டையை வறுத்து வைத்துவிட்டேன், அது ஆறிப்போய்விட்டது. வாழைக்காயும் இறைச்சியும் அடுப்பில் கிடக்கின்றன, இரண்டு தடவை தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, மூன்றாவது தடவை ஊற்றினால் அது குழம்பு இல்லை, வெறும் வெந்நீர்தான். இரு, வாசலில் சத்தம்.

இல்லை, ஆடு. நீ அனுப்பிய போட்டோவில் மெலிந்து தெரிகிறாய், காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே, அந்த முதியோர் இல்லத்தில் மற்றவர்களுக்கு ஊட்டிவிட்டு நீ பட்டினி கிடந்தால் யாருக்கு லாபம். இரட்டைக் காலுறை போடு. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போன் அடித்தால் உன் அப்பா முதல் ஆளாக வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், நீ தும்மினாலும் அவருக்குக் கேட்க வேண்டும். அவர் காதுபடச் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம், உங்கள் ஊர்த் திருச்சபையிலிருந்து வந்த உயரமான அம்மாள் வியாழக்கிழமை திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஐக்காண்டே, உன் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன். முழு இருட்டு இல்லை, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது, ஆள் வந்தால் நிழலாடுவது தெரிகிறது, அதற்கு மேல் இல்லை. எனக்கே போன ஈஸ்டருக்கு முந்தின வாரம்தான் தெரியும். உன் பழைய நீலக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன், இவர் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, "வாங்க வாங்க, வீட்ல எல்லாரும் சுகமா, பிள்ளைங்க சுகமா, மாடு கன்னு சுகமா" என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார், கோட்டு பதில் சொல்லவில்லை என்று கோபம் வேறு. விளையாடுகிறார் என்று நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. அன்றைக்கே சத்தியம் வாங்கிவிட்டார். "வாயத் திறந்து யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு எலிஷிலியா, ஐக்காண்டேகிட்டயும்தான்" என்றார். வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேன், இப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தெரிந்தால் வழிகாட்டி அட்டையை வாங்கிவிடுவார்களாம், இருபத்திரண்டு வருடமாக அவர் கழுத்தில் கிடக்கிற அட்டை. அது போனால் "காலைல எந்திரிச்சு நான் எங்க போறது" என்கிறார். வெறும் கண்புரைதான், ஜனவரியில் கீழே டவுனுக்குக் கண் டாக்டர்கள் வருகிறார்கள், ஒரே நாளில் எடுத்துவிடுகிறார்களாம், எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். உன் பெரியப்பா கதையை எடுத்துவிடுவார். பெரியப்பா யாரோ கொடுத்த பொடியைக் கண்ணில் ஒரு மாதம் போட்டு, சீழ் பிடித்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார், அங்கே கண்ணையே எடுத்துப் போட வேண்டியதாகிவிட்டது. இவருக்குப் பொடி மறந்துவிட்டது, ஆஸ்பத்திரி மட்டும் ஞாபகம் இருக்கிறது. பார்வை இல்லாமல் எப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டால், "என் காலுக்குத் தெரியும்" என்று ஒரே வார்த்தை. நானும் நம்பினேன். யார் வீட்டுப் பெண்களையோ அவர் பின்னால் அனுப்பிவிட்டு நான் பாட்டுக்குக் காப்பி வறுக்கிறேன், இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

மணி ஒன்று. வாய்க்காலில் தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்தில் வருகிறது, மேலே காட்டில் மழை கொட்டுகிறது என்று அர்த்தம். இங்கே ஒரு சொட்டு இல்லை. அவர் போனுக்கு அடிக்கிறேன், கிடைக்கவில்லை, அந்தப் பள்ளத்தில் எப்போதும் கிடைக்காது. சரி, மனசு அலைபாயாமல் இருக்க வேறு ஏதாவது எழுதுகிறேன். ஒரு நல்ல செய்தி இருக்கிறது, கலேபுவை ஜெயித்துவிட்டேன். நம் மேல் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரன், உன் அப்பாவின் உயிர்ச் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன், அவன் செய்த வேலையைக் கேள். போன வருடம் பெருமழையில் அருவிப் பக்கம் மண் சரிந்தது அல்லவா, அது ஓய்ந்த ஒரு மாதத்தில் மேலே போய்ப் பார்க்கிறேன், மூலையில் இருந்த ஐந்து மசாலே செடியும் மூன்று அடி தள்ளி நம் பக்கத்தில் நிற்கின்றன. உன் தாத்தா காலத்து எல்லைச் செடி, அதைப் பிடுங்க இந்த ஊரில் யாருக்காவது கை வருமா. கேட்டால், "ஐக்காண்டே அம்மா, இருந்துட்டுப் போகட்டும் விடுங்க" என்று தரையைப் பார்க்கிறான். உன் அப்பாவும் விடு விடு என்கிறார். நான் விடுவேனா, நிலத் திருடன் என்று தேவாலய வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன், ஒரு வருடமாக அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன சனிக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். வாழைக் கள் ஒரு குடம் வைத்தேன், குடித்தார்கள், அளந்தார்கள், பழைய வரப்பைக் கண்டுபிடித்தார்கள், ஐந்து செடியையும் பிடுங்கிப் பழைய இடத்திலேயே நட்டார்கள். கலேபு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கடைசியில் மட்டும், "நாலு செடிய எடுத்துக்குங்க, அந்த மூலைச் செடிய மட்டும் விட்டுடுங்க, அதுக்கு ஈடா வேற எங்க வேணா நிலம் தரேன்" என்றான். பெரியவர்கள் சிரித்தார்கள். பேராசையைப் பார் என்று நான் கத்தினேன். உன் அப்பா அன்றைக்குச் சளி பிடித்து வீட்டில் படுத்திருந்தார், ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெயித்த கதையைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மூலைச் செடியையுமா?" என்று கேட்டார். சிநேகிதனுக்குப் பரிந்து பேசுகிறார் என்று எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ, "போய் உங்க கண்ணால பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுக்கப் போனார், மூன்று நாளாக அந்த ஊமைக்கோபம்தான். இன்றைக்குக் காலையில் அந்தப் பெண்கள் வந்ததும் வேண்டுமென்றே விறைப்பாகக் கிளம்பிப் போனார்.

இன்றைக்கும் தேவாலயத்துக்குப் பக்கத்து மூலையில் நின்று வழக்கமான பிரசங்கத்தைச் செய்திருப்பார். வழியில் எந்த வீட்டு மூலை வந்தாலும் நின்று, மசாலே இலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதான் எங்க ஊரு வேலி, எங்க ஊரு மன்னிப்பும் இதுதான், இந்த இலையை ரெண்டு கையால நீட்டினா எப்பேர்ப்பட்ட பகையாளியும் வாங்கிக்கணும், மாட்டேன்னு சொல்லக் கூடாது" என்பார். ஒரே பேச்சை ஏன் ஒவ்வொரு மூலையிலும் என்று கேட்டால் சிரிப்பார். போன மாதம் வந்த ஒரு பெண் என்னிடம், தாத்தாவுக்குச் செடிகள் மேல் என்ன பிரியம், ஒன்று விடாமல் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார் என்று சொன்னாள். தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்.

ஐக்காண்டே, அவர் செடியைக் கொஞ்சவில்லை. வழியைத் தேடியிருக்கிறார். மூலைச் செடியைத் தொட்டுவிட்டுத்தான் இடது பக்கம் திரும்பியிருக்கிறார். சரிவுக்குப் பிறகு அருவிப் பாதையின் வாய் மூன்று அடி நம் பக்கம் வந்துவிட்டது, செடியைப் பழைய இடத்தில் தேடித் தொட்டால் பாதை பின்னால் போய்விட்டிருக்கும், அங்கே இடது பக்கம் இருப்பது பழைய வாய்க்கால் தடம், அது பாதியில் இடிந்து பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது. நான் போகிறேன், மீதியை வந்து எழுதுகிறேன்.

மணி ஐந்தே கால். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அவர் உயிரோடு இருக்கிறார், வீட்டில் இருக்கிறார், காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இனி நிதானமாகப் படி. ஆறு வருடமாக முழங்காலைக் காரணம் சொல்லி நான் அந்தப் பாதையில் பாலத்தைத் தாண்டினால் நம் தோட்டத்தோடு நின்றுவிடுவேன் அல்லவா, இன்றைக்கு அந்த முழங்கால் எங்கே போனதென்று தெரியவில்லை. அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. தேவாலயத்துப் பக்கம் யாரோ என்ன அவசரம் என்று கேட்டார்கள், ஆடு அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று பொய் சொன்னேன். பலகைப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் சிவப்பாகப் பாய்ந்தது. மூலைக்கு வந்தால், புதிதாக நட்ட என் ஐந்து செடிகளும் வரிசையாக நிற்கின்றன, அதில் மூலைச் செடியின் இலைகள் கசங்கியிருக்கின்றன, அதன் காலடியிலிருந்து வெள்ளைக் காலணியின் தடம் நேராகப் பழைய வாய்க்கால் தடத்துக்குள் போகிறது. நான் வாதாடி நட்ட செடி அவர் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

தனியாக அந்தத் தடத்தில் போக முடியாது, பக்கத்தில் இருந்த ஒரே வீடு கலேபுவின் வீடு. ஒரு வருடமாக மிதிக்காத வாசல். அந்த மூலைச் செடியிலிருந்தே ஒரு இலையைப் பிடுங்கினேன், நுனியை முடிச்சுப் போட்டேன், அதை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் நின்றேன். கலேபு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார், இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புதுசா நட்ட செடி, இன்னும் வேர்கூடப் பிடிச்சிருக்காது, அதுக்குள்ள இலை பிடுங்கியாச்சா" என்றார். "ஐக்காண்டே அப்பா காலைல போனவரு வரல, தடம் வாய்க்கால் பக்கம் போகுது" என்று மட்டும் சொன்னேன். ஈரக் கையோடு இலையை வாங்கித் தொப்பியில் செருகிக்கொண்டு, கயிற்றையும் ஒரு நீளப் பலகையையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். மேலே பார், அவன் இவன் என்று எழுதி வைத்திருக்கிறேன், அதை அடிக்கப் போவதில்லை, என் லட்சணம் உனக்கும் தெரியட்டும்.

நூறு அடி போவதற்குள் குறுக்கே தண்ணீர். வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்த வாய்க்கால் மேல் மழையில் நிரம்பித் தடத்தை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பாய் அளவு இடத்தில் மூன்று பெண்களும் உன் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள், அவருக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் தடம் முடிந்து பள்ளம். அவர் தலைவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, காப்பிச் செடி எங்கள் மலைக்கு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். செடி பழைய இடத்துக்குப் போனது தெரிந்தும், கை அதில் பட்டதும் கால் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிவிட்டதாம், முகத்தில் கீழிருந்து காற்று அடித்ததாம், அருவிச் சத்தம் வலது காதில் கேட்க வேண்டியது காலுக்குக் கீழே கேட்டதாம், அதனால் நின்றாராம். "இங்க கொஞ்சம் இளைப்பாறலாம், அருவியை மதியத்துக்கு மேல பாத்தாத்தான் அழகு" என்று அவர்களை உட்கார வைத்துவிட்டார், திரும்பலாம் என்று நினைப்பதற்குள் பின்னால் தண்ணீர் வந்துவிட்டது. நாலரை மணி நேரம் கதை சொல்லியிருக்கிறார், அவருக்குத் தெரிந்த கதையெல்லாம் தீர்ந்து, கடைசியில் நீ பிறந்த கதைக்கு வந்துவிட்டாராம்.

கலேபு பலகையைப் போட்டு, கயிற்றை மரத்தில் கட்டி ஒவ்வொருவராக இக்கரைக்குக் கொண்டுவந்தார், பெண்களுக்குப் பிறகுதான் வருவேன் என்று உன் அப்பா கடைசியாக வந்தார். வந்து நின்றதும் யாருக்கும் கேட்காத குரலில், "கலேபு, மூலைச் செடியக் காணோம்ப்பா" என்றார். கலேபு, "எங்கயும் போகல, உங்க வீட்டம்மாகிட்ட பத்திரமா இருக்கு" என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. போன வருடம் சரிவுக்குப் பிறகு இவர் பாதையின் புது வாயைத் தவறவிட்டுத் தடுமாறியதைக் கலேபு பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை கேட்காமல் மறுநாளே செடிகளைப் பிடுங்கி, திருப்பத்துக்கு நேராக மூன்று அடி தள்ளி நட்டிருக்கிறார். காரணம் சொன்னால் கண் விஷயம் வெளியே வந்துவிடும் என்று, நான் நிலத் திருடன் என்று ஊர் முன்னால் கூப்பிட்டதையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார். சனிக்கிழமைக்குப் பிறகு தினமும் காலையில் மூலையில் வந்து நின்று காவல் காத்திருக்கிறார், இன்றைக்கு ஒரு நாள்தான் மாடு கன்று போட்டது. இவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ அழுவ, அருவிக்குப் போக விடமாட்ட" என்றார். விட்டிருக்க மாட்டேன், அது உண்மை.

நேராக வீட்டுக்குப் போகலாம் என்றேன். சௌதா, இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியைப் பார்க்காமல் போவதா என்றாள். சரியான பாதையில் கால் மணி நேரம், கலேபு முன்னால் போனார், உன் அப்பா என் தோளில் கையை வைத்துக்கொண்டு வந்தார், கல்யாணமான புதிதில்கூட ஊர் பார்க்க அப்படி வந்ததில்லை. சாரல் முகத்தில் பட்டதும் அவர் என் தோளை விட்டுவிட்டு, தன் வழக்கமான இடத்தில் போய் நின்று, கையை நீட்டினார். "பாத்தீங்களா, ரெண்டு இழையா விழுது, நடுவுல கருப்பா ஒரு பாறை, அதுக்குப் பசு முதுகுன்னு பேரு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பாறை இல்லை. அருவி ஒரே இழையாக விழுகிறது. சரிவில் அதுவும் போய்விட்டது என்று கலேபு என் காதோரம் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேலாக இவர் இல்லாத பாறையைக் காட்டிக்கொண்டிருக்கிறார், வந்தவர்களும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் சௌதா, சேற்றில் காலணி போன இடம் தெரியாமல் நின்றவள், "ஆமா தாத்தா, ரெண்டாத்தான் விழுது, பசு முதுகேதான்" என்றாள். நான் அருவிப் பக்கம் திரும்பி அழுதேன், அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து காப்பி இடித்தார்கள், பாட்டும் பாடினார்கள், அடிப்பிடித்த வாழைக்காயை நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். கிளம்பும்போது சௌதா என்னைத் தனியே கூப்பிட்டு, "பாலத்துலயே எங்களுக்குத் தெரிஞ்சுடுச்சும்மா. அவர் மனசு நோகக் கூடாதுன்னு கேட்கல. ஆனா அடுத்து வர்றவங்களுக்குத் தெரியாமப் போனா என்ன ஆகும்?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. அவர் யார் சொல்லியும் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார், இதை எழுத உட்கார்ந்தபோது கேட்க நினைத்தது இதைத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கலேபுவை என்ன சொன்னேனோ அதை அதே வாசலில் நின்று திரும்ப எடுத்துக்கொள்வேன். பெரியவர்கள் காரணம் கேட்டால் காரணத்தையும் சொல்வேன், அது அவருடைய அட்டையோடு போய் முடியும் என்று தெரிந்துதான் சொல்வேன், அதற்காக அவர் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி. திரும்பும் வழியிலேயே மூலைச் செடியை நானே பிடுங்கி மூன்று அடி தள்ளி நட்டுவிட்டு வந்தேன், கலேபு தண்ணீர் ஊற்றினார், ஒரே வாரத்தில் இரண்டு தடவை இடம் மாறினால் எந்தச் செடிதான் பிழைக்கும் என்று கேலி பேசினார்.

இப்போது உன் அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். யாருக்கு எழுதுகிறாய் என்றார், உனக்கு என்றேன். "என் கண்ணப் பத்தி எழுதிட்டியா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சிரித்தார், அப்புறம் சிரிப்பு நின்றது. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார், சுவரில் ஆணியைத் தடவித் தேடி அதில் அவரே மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நான் காத்திருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. "ஜனவரியில அவ வரட்டும், அவ கையப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வரேன். உன்னோட வரமாட்டேன், நீ டாக்டரோட சண்டை பிடிப்ப" என்றார். இந்தக் கடிதத்தில் தன் கையெழுத்தைத் தானே போடுவதாகச் சொல்கிறார், வரி எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதுமாம். லீவு கிடைக்குமா என்று கேட்க மாட்டேன், கேள் என்று மட்டும் சொல்கிறேன். முதலில் எழுதிய வரிசையில் அவரையும் சேர்த்துக்கொள், சுகம்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, உன் போக்கையும் உன் வரவையும் ஆசீர்வதிப்பாராக, உன் கைக்கு வேலையும் உன் வயிற்றுக்குச் சோறும் குறையாமல் இருக்கட்டும். இரட்டைக் காலுறையை மறக்காதே, போனில் பேசும்போது இந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாதது மாதிரி இருக்கவும் வேண்டாம், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா எலிஷிலியா
உன் அப்பா அனயே

இன்னொன்று. அப்பாவின் கையெழுத்து இந்தத் தாளில் பாதிதான் இருக்கிறது. விரலை வரியில் வைத்துக் காட்டினேன், ஆனாலும் பேனா தாளைத் தாண்டிவிட்டது. மீதி நம் சாப்பாட்டு மேசையின் பலகையில் இருக்கிறது, நீ வந்து பார்க்கும்வரை அதை நான் துடைக்கப் போவதில்லை.